அமைச்சர் ஏறாத படகு

ஆற்றில் வெள்ளம் ஏறிக்கொண்டிருந்தது. கரையோர மக்களை மீட்க, பத்தே நாளில் இருபது பேரைப் படகோட்டிகளாக்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஏட்டில் வகுத்து, சொல்லிக்கொடுத்து, கடைசி நாளில் சோதிக்கலாம் என்றார் அமைச்சர் சித்திரசேனர். கொஞ்சம் சொல்லி, உடனே செய்யவிட்டு, அப்போதைக்கப்போது திருத்தலாம் என்றான் படகோட்டி சடையன்.

வாதம் முடியவில்லை. பொறுமையிழந்த அரசர், படகுத்துறையைப் பெருக்கிக்கொண்டிருந்த நாச்சியைக் கூப்பிட்டார்.

"எது நல்ல முறை? தப்பாகச் சொன்னால் உனக்கு இங்கே வேலையில்லை."

அமைச்சர் அவளை முறைத்தார். நாச்சி துடைப்பத்தைக் கீழே வைத்தாள்.

"அரசே, படகைக் கரையில் கட்டும் முடிச்சு எனக்குத் தெரியாது. இருவரும் அவரவர் முறையில் கற்றுத்தரட்டும். பிறகு நான் கட்டிய படகில் அவரவரே ஏறட்டும்."

முதலில் அமைச்சர். கயிற்றின் வகைகளைப் பற்றி ஒரு நாழிகை பேசினார். நாச்சி பயந்தபடியே ஏதோ ஒரு முடிச்சைப் போட்டுப் படகைக் கட்டினாள்.

"ஏறுங்கள் ஐயா."

அமைச்சர் சுழித்தோடும் தண்ணீரைப் பார்த்தார். தூக்கிய காலைப் பின்னுக்கு இழுத்தார்.

"இரு, இரு! முதலில் ஒரு தடவை இழுத்துப் பார். அவிழ்ந்தால் சரிசெய்து கட்டு!"

"அமைச்சரே, அது சடையன் முறையாயிற்றே!" என்றார் அரசர்.

அன்று மாலையே இருபது பேரும் சடையனோடு துடுப்புப் பிடித்துத் தண்ணீரில் இறங்கினார்கள்.