நூல் நுனி

அந்த ரயில்வே காலனியில் அப்போதெல்லாம் வியாழக்கிழமை சாயங்காலம் என்றால் மாதர் சங்கத்தில் குரோஷாப் பின்னல்தான். தெரிந்தவள் தெரியாதவளுக்குச் சொல்லிக்கொடுப்பாள். டீ போடும் லூர்தம்மாளும் ஒரு மூலையில் பின்னிக்கொண்டிருப்பாள்.

அவள் பின்னி சங்க அலமாரியில் வைத்திருந்த மேசைவிரிப்பை, "நான் பின்னினது" என்று கண்காட்சியில் வைத்துவிட்டாள் தலைவி கமலவேணி, பெரிய ஆபீசரின் மனைவி.

"அது என்னுதும்மா" என்றாள் லூர்தம்மாள்.

"உன்னுதா? இப்பவே நிரூபி. இல்லேன்னா நாளையிலேர்ந்து வராதே!"

"பின்னினவங்களுக்கு நூல் நுனியை எங்கே ஒளிச்சோம்னு தெரியுமேம்மா. கொஞ்சம் காட்டுங்க."

தலைவி அங்கே இழுத்தாள், இங்கே இழுத்தாள். ஒன்றும் அசையவில்லை. லூர்தம்மாள் கண்ணை மூடிக்கொண்டு ஓரத்துப் பூ ஒன்றின் அடியில் நகத்தால் நெம்பி இழுத்தாள். இரண்டு வரிசை சரசரவென்று பிரிந்து மடியில் விழுந்தது.

"ஐயையோ, பரிசுக்கு வெச்சதாச்சே!" என்று அலறினாள் தலைவி.

"அதனாலென்ன? பின்னினவங்களே திரும்பப் பின்னிடலாம். இந்தாங்க ஊசி."

காலனி இப்போது இல்லை. ஊர் ஊராகச் சிதறிய அந்தப் பெண்கள் வாட்ஸ்அப்பில் இன்னும் பின்னல் பேசுகிறார்கள். யாராவது கொஞ்சம் பீற்றிக்கொண்டால் போதும், உடனே நாலு பேர் கேட்பார்கள்: "நுனி எங்கேடி?"