பேட்டரிக்குச் சந்தனம்

செம்மணல் தேரிக்கு நடுவே ஊமைத்தேரி என்று ஓர் ஊர். காற்றடித்தால் அங்கே மணல்மேடு இடம் மாறும். ஊர்க்காரர்கள் மட்டும் சொன்ன சொல்லிலிருந்து மாறமாட்டார்கள். "இங்கனயே நில்லு, வந்துருதேன்" என்று ஒருவனிடம் சொல்லிவிட்டு நீங்கள் மறந்துபோனால், அடுத்த மாசம் அவன் அங்கேயே தாடியோடு நிற்பான்.

அந்த ஊரில் மூன்று கூட்டாளிகள். தங்கப்பழம், எதையும் முதலில் கழற்றிப் பார்க்கிறவன். ஐகோர்ட்துரை, தீர்ப்புச் சொல்கிறவன். ஐகோர்ட் மகாராசா என்ற அந்தப் பக்கத்துச் சாமியின் பேரைத்தான் அவனுக்கு வைத்தார்கள். அவனோ அதை உத்தியோகம் என்று எடுத்துக்கொண்டான். மூன்றாவது லிங்கக்கனி. முப்பத்துநாலு வயசு, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. கதை இவனைப் பற்றியதுதான்.

மூன்று பேரும் சேர்ந்து ஒரு பழைய மணல்வண்டி வைத்திருந்தார்கள். நாலு தடிச்சக்கரம், பைக் மாதிரி கைப்பிடி, மணலில் புதையாமல் ஓடும். தேரி பார்க்க வருகிறவர்களை ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் வண்டிக்குப் பூசை உண்டு. முதல் பூசையன்றே ஒரு கேள்வி வந்தது.

"வண்டிக்கு உசுரு எங்கவே இருக்கு?" என்றான் தங்கப்பழம்.

"பேட்டரியில" என்றான் ஐகோர்ட்துரை. "அப்ப சந்தனமும் அங்கதான்."

அன்றிலிருந்து வாராவாரம் பேட்டரியின் இரண்டு முனையிலும் ஒயரைக் கழற்றுவார்கள். முனையில் சந்தனத்தைக் கெட்டியாக அப்புவார்கள். அதற்கு மேலே ஒயரை மாட்டுவார்கள். வெளியே பூசினால் தூசி படியுமாம், உள்ளே என்றால் பத்திரமாம். பழசைச் சுரண்டாமலே இப்படி ஒரு வருசம்.

இந்தச் சமயத்தில்தான் லிங்கக்கனிக்கு ஒரு சம்பந்தம் வந்தது. தேரிக்கு அந்தப் பக்கம் கொம்பன்விளையில் செல்வக்கனி என்ற பெண். தையல்கடை வைத்திருக்கிறாள். இவன் மணல்வண்டியில் உட்கார்ந்திருக்கிற போட்டோவைப் பார்த்துவிட்டுச் சொல்லியனுப்பினாள்: "வண்டியில ஒவ்வொரு நட்டும் எனக்கு அத்துப்படின்னு சொன்னாராமே? புதன்கிழமை காலையில அதே வண்டியில வரட்டும். கிணத்தடி வரைக்கும் என்னை ஏத்திட்டுப் போய்த் திரும்பட்டும். போய்ட்டு வந்தா சம்மதம். நடுவுல நின்னா நான் நடந்து வீட்டுக்கு வந்துருவேன். அதான் பதில்."

லிங்கக்கனிக்கு நாலு இடம் தட்டிப்போயிருந்தது. இது ஐந்தாவது. செவ்வாய்க்கிழமை குளித்து முழுகி, வண்டியில் ஏறி, சாவியைத் திருகிப் பொத்தானை அமுக்கினான்.

டிக்.

மறுபடி அமுக்கினான். டிக். அவனுக்குச் செல்வக்கனி நடந்து வீட்டுக்குப் போவது கண்ணுக்கு நேரே தெரிந்தது.

டவுனில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற ஸ்டீபன் அண்ணாச்சிக்குப் போன் போட்டார்கள்.

"வேலை கிடக்குடே, வர முடியாது. மீட்டர் இருக்குல்லா? பேட்டரியில வச்சுப் பாருங்க. நிக்கும்போது பன்னெண்டரை இருக்கணும். பெறவு வண்டிய மேட்டுலேருந்து உருட்டி ஸ்டார்ட் பண்ணுங்க. ஓடும்போது பதினாலு வரணும். என்ன வருதுன்னு சொல்லுங்க."

நிற்கும்போது வைத்தார்கள், பன்னிரண்டு. மேட்டிலிருந்து உருட்டிக் கிளப்பினார்கள். எஞ்சின் உறுமியது. அப்போதும் வைத்தார்கள். அதே பன்னிரண்டு.

ஐகோர்ட்துரை மீட்டரை வெயிலில் பிடித்துப் பார்த்தான். "நான் மேடேறினா எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறுது. இந்த வண்டி இந்த ஓட்டம் ஓடியும் கொதிப்பு ஏறல. திடகாத்திரமான ஒடம்புவே."

மூன்று பேரும் வண்டியைத் தட்டிக்கொடுத்தார்கள். அண்ணாச்சிக்கும் நல்ல செய்தியாகச் சொன்னார்கள்.

"ஏறலியா? ஏல, ஏறாததுதாம்ல நோயே!" அண்ணாச்சி போனுக்குள்ளிருந்து கத்தினார். "பேட்டரிக்குச் சார்ஜ் போய்ச் சேரல. சரி, சும்மா நிக்கும்போது எதுவும் கரண்டைக் குடிக்கான்னும் பாத்துருவோம். மீட்டரக் கரண்டு பாக்குறதுக்கு மாத்தி ஒயர்ல கோத்து, ஒண்ணொண்ணா கழத்துங்க. எதைக் கழத்தும்போது முள்ளு இறங்குதோ அதான் திருடன்."

ஃபியூஸைத்தான் அவர் சொன்னார். ஆனால் ஃபியூஸ் என்ற சொல்லை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார். தங்கப்பழம் ஸ்பானரோடு இறங்கினான். கண்ணாடியைக் கழற்றினான், முள் அசையவில்லை. சீட்டைக் கழற்றினான், அசையவில்லை. நாலு சக்கரத்தையும் கழற்றினான். லைட்டு, ஹாரன், கைப்பிடி, ஒயர்க்கட்டு எல்லாம் மணலில் வரிசையாக வந்தன. கடைசி ஒயர் வந்ததும் முள் பொத்தென்று விழுந்தது.

"அண்ணாச்சி, கண்டுபிடிச்சாச்சு!" என்றான் ஐகோர்ட்துரை. "எல்லாத்தையும் கழத்தினதும் நின்னுட்டு. திருடன் ஒருத்தன் இல்ல. மொத்தமும் கூட்டுக்களவாணி."

அண்ணாச்சி தலையில் அடித்துக்கொள்கிற சத்தம் போனில் கேட்டது.

"எல்லாத்தையும் திரும்ப மாட்டுங்க," என்றார் அண்ணாச்சி, குரல் இறங்கிப்போய். "பேட்டரி முனையில பச்சையாவோ வெள்ளையாவோ எதுவும் பூத்திருக்கா?"

"இல்ல அண்ணாச்சி. நல்ல மஞ்சளாத்தான் இருக்கு."

"மஞ்சளா? முப்பது வருசத்துல நான் மஞ்சள் பாத்ததில்லையே. என்ன எழவோ, சுரண்டி எடுத்துட்டுப் பளபளன்னு தேய்ங்க."

சொன்னால் சொன்னபடி. புளி போட்டு, சாம்பல் போட்டு, குத்துவிளக்குத் தேய்க்கிற மாதிரி தேய்த்தார்கள். வண்டியை மாட்டி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. லிங்கக்கனி கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அமுக்கினான். ஒரே அமுக்கு. வண்டி கிளம்பிவிட்டது! மீட்டர் பதினாலு காட்டியது. லிங்கக்கனி தங்கப்பழத்தைக் கட்டிப்பிடித்து அழுதான்.

ஐகோர்ட்துரை மட்டும் சிரிக்கவில்லை. பேட்டரியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னவே?" என்றான் தங்கப்பழம்.

"விளக்கு மாதிரி தேய்ச்சாச்சு. தேய்ச்ச விளக்க யாராவது மொட்டையா விடுவாங்களாவே? அதுவும் நாளைக்கு நல்ல காரியம்."

லிங்கக்கனிக்கு அது நியாயமாகத்தான் பட்டது. சந்தனக்கட்டையை அவனே உரைத்தான். கல்யாணக் காரியம் என்பதால் இரண்டு மடங்கு.

புதன்கிழமை காலை, டிக். மேட்டிலிருந்து உருட்டிக் கிளப்பிக்கொண்டு மூன்று பேரும் கொம்பன்விளைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். செல்வக்கனி கழுத்தில் அளவுநாடாவோடு வெளியே வந்தாள்.

"வண்டிய நிறுத்துங்க. ஸ்டார்ட் ஆகுதான்னு முதல்லேருந்து பாக்கணும்."

"ஓடிட்டிருக்கே, அப்படியே ஏறிக்கலாமே" என்றான் லிங்கக்கனி. வேர்வை புருவத்தைத் தாண்டி இறங்கியது.

அவள் கையை நீட்டிச் சாவியைத் திருகி அணைத்தாள். பிறகு பொத்தானை அமுக்கினாள். டிக். அவள் இவனைப் பார்த்தாள். இவன் தன் செருப்பைப் பார்த்தான். அவள் சீட்டைத் தூக்கினாள், குனிந்தாள், மோந்து பார்த்தாள்.

"இது என்ன, சந்தனமா?"

"ஒரிஜினல்" என்றான் ஐகோர்ட்துரை.

செல்வக்கனி சிரிக்க ஆரம்பித்தவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எழுந்து தையல் கத்திரிக்கோலால் சுரண்டினாள், தங்கப்பழத்தின் ஸ்பானரைப் பிடுங்கி முடுக்கினாள், அமுக்கினாள். வண்டி கிளம்பியது. அவளே ஓட்டினாள், லிங்கக்கனி பின்னால் உட்கார்ந்து சீட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். கிணற்றடிக்குப் போய்த் திரும்பி வந்து இறங்கினாள்.

"நட்டு அத்துப்படின்னது பொய். ஆனா நான் பாத்த உடனே தலையக் குனிஞ்சீங்க பாருங்க, அது நெசம். எனக்குச் சம்மதம். ஒண்ணே ஒண்ணு: இனி பேட்டரியில ஒரு பொட்டுச் சந்தனம் படக் கூடாது."

"படாது" என்றார்கள் மூன்று பேரும். ஊமைத்தேரிக்காரர்கள் சொன்னால் சொன்னதுதான்.

ஆவணியில் கல்யாணம், கொம்பன்விளையில். பத்தரைக்குள் முகூர்த்தம். பத்தே கால் ஆகியும் மாப்பிள்ளையைக் காணோம். பத்து இருபதுக்குத் தேரி மேட்டில் ஒரு கூட்டம் தெரிந்தது. மணல்வண்டியில் பட்டுவேட்டியும் மாலையுமாக லிங்கக்கனி விறைப்பாக உட்கார்ந்திருக்க, சொந்தக்காரர்கள் பத்துப் பேர் மூச்சிரைக்கத் தள்ளி வந்தார்கள். முன்னால் தங்கப்பழம் சீர்த்தட்டோடு நடந்தான். தட்டில் தேங்காய், பழம், பூ. நடுவில் பேட்டரி.

"மதினி, சொன்ன வாக்குத் தவறல" என்று தட்டை நீட்டினான். "நல்லாப் பாத்துக்கோங்க. ஒரு பொட்டு இல்ல."

"அத ஏன் வண்டியில மாட்டல?"

"கல்யாண வண்டிக்குப் பூசை உண்டு. பூசைன்னா சந்தனம் உண்டு. கை தவறிப் பட்டுட்டா?" என்றான் ஐகோர்ட்துரை.

தாலி எப்படியோ நேரத்துக்கு ஏறிவிட்டது. மறுவீட்டுக்குக் கிளம்பும்போது செல்வக்கனி பட்டுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு பேட்டரியைத் தானே மாட்டினாள். ஏறி உட்கார்ந்து சாவியை நீட்டினாள். சாவி உள்ளே போகவில்லை. குனிந்து துவாரத்தைப் பார்த்தாள். கம்மென்று வாசம் வந்தது.

மூன்று பேரும் மூன்று திசையைப் பார்த்தார்கள்.

"நீ பேட்டரியிலதான வேண்டாம்னு சொன்ன" என்றான் லிங்கக்கனி மெதுவாக. "எங்கயாவது ஓர் இடத்துல வைக்கணும்லா."

பெண்டாட்டி கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள, மாப்பிள்ளை மாலையோடு பின்னால் நின்று தள்ளினான். பாதி மேடு ஏறுவதற்குள் அவனுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. ஐகோர்ட்துரை பதறிப்போய் மீட்டரின் சிவப்பு முனையை அவன் இடது காதிலும் கறுப்பு முனையை வலது காதிலும் வைத்துப் பிடித்தபடி கூடவே ஓடினான். போன் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுங்கியிருந்தது.

"அண்ணாச்சி, மாப்பிள்ளைக்கு நிக்கும்போதும் சைபர்தான் காட்டுது, ஓடும்போதும் சைபர்தான் காட்டுது. சார்ஜ் போய்ச் சேரலன்னு நினைக்கேன். ஒண்ணொண்ணா கழத்திப் பாக்கவா?"