பனிக்குள் தொலைந்த ஓய்வுநாள்

பனி என்றால் நீங்கள் பார்த்த பனி இல்லை. மலைகளுக்கு நடுவே இருந்த அந்தச் சின்ன யூதர் ஊரில் அது இறங்கியபோது பகலும் இரவும் ஒரே சாம்பல் நிறமாகிவிட்டன. ஒருவன் தன் வீட்டுக் கதவென்று நினைத்துப் பசுவின் விலாவைத் தட்டினான். "யாரது?" என்று பசு கேட்டதாம். அதை மட்டும் நான் நம்பவில்லை.

சேவல்கள் கொஞ்சம் கூவிப் பார்த்தன. பிறகு வெட்கப்பட்டு விட்டுவிட்டன. தூங்கி எழுந்தவர்களுக்கு எந்த நாளில் எழுந்தோம் என்று தெரியவில்லை. ஏழாம் நாளான ஓய்வுநாள் வந்துவிட்டதா, போயே போய்விட்டதா? பாதி ஊர் வேலை செய்தது. மீதி ஊர் அவர்களைத் திட்டியது.

எல்கானா சுவரைத் தடவிக்கொண்டே தன் குரு ரபி அசாரியாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

"ரபி, என் மனைவி சிப்போரா ஓய்வுநாள் தொடங்குவதற்குச் சற்று முன் ஏற்றுகிற விளக்குக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். ஏற்றவும் மாட்டேன் என்கிறாள், எழுந்திருக்கவும் மாட்டேன் என்கிறாள்."

"ஏனாம்?"

"ஓய்வுநாள் தொடங்கியிருந்தால் தீ மூட்டுவது பாவம். இது அதற்கு முந்தின மாலையே இல்லையென்றால், ஏற்றும்போது சொல்கிற துதி வீண்."

குரு தாடியைச் சொறிந்தார். "சட்டத்தை நன்றாகத்தான் படித்திருக்கிறாள்."

"பிள்ளை இறந்துபோனதிலிருந்து அவள் யாரிடமும் பேசுவதில்லை. அந்த விளக்கை ஏற்றி, கண்ணைப் பொத்திக்கொண்டு, கடவுளிடம் மட்டும்தான் பேசுவாள். அதுவும் நின்றுவிட்டால்..."

குரு எழுந்துகொண்டார்.

"நாள் தெரியாமல் போனவன் என்ன செய்ய வேண்டும்? சொல்."

"ஆறு நாள் எண்ணிவிட்டு ஏழாம் நாளைக் கொண்டாட வேண்டும்."

"அதுவரை தாங்குவாளா?"

"தாங்கமாட்டாள், ரபி."

"முதலில் கொண்டாடு, பிறகு எண்ணு என்று சொன்ன பெரியவரும் ஒருவர் உண்டு. அவர் வீட்டிலும் யாராவது அழுதுகொண்டு இருந்திருப்பார்கள்."

சொல்லிவிட்டு, ஓய்வுநாளுக்கென்று வைத்திருந்த வெள்ளை அங்கியை எடுத்து மாட்டினார். அவசரத்தில் உள்பக்கம் வெளியே வந்துவிட்டது.

"இன்று என்ன நாள் என்று தெரிந்துவிட்டதா?"

"தெரிந்திருந்தால் நிதானமாகப் போட்டிருப்பேனே."

இருவரும் தெருவில் இறங்கினார்கள். பனி பாலாடை போல முகத்தில் ஒட்டியது. கால் தரையில்தான் படுகிறதா என்பதே சந்தேகமாக இருந்தது. குரு ஒரு வேலிக்கம்பத்துக்கு மரியாதையாக வழிவிட்டார்.

"ரபி, நாள் தவறாக இருந்து, அவள் கூப்பிட்டும் கடவுள் வராமல் போனால்? அதற்கப்புறம் அவளை என்னால் மீட்க முடியாது."

குரு நின்றார். வெள்ளைக்குள் அவர் குரல் மட்டும் இருந்தது.

"அவர் மட்டும் பனிக்கு மேலே சௌக்கியமாக உட்கார்ந்திருக்கிறார் என்று உனக்கு யார் சொன்னது? உன் வீடு எதுவென்று தெரியாமல் அவரும் இங்கேதான் தடவித்தடவி அலைகிறார். சீக்கிரம் போ. ஏற்றச் சொல்."