பன்னிரண்டடிப் புலி

மேலக்காட்டில் வேட்டைக் குத்தகை எடுத்த தாண்டவராயர் சென்னையை விட்டு நகர்ந்ததில்லை. காவலாளி மாசாணத்துக்குக் கடிதத்தில்தான் உத்தரவு வரும். உறை வீண் செலவு என்பதால் பதிலை அவன் அஞ்சலட்டையில் எழுத வேண்டும்.

ஒருமுறை எழுதினார்: “வெள்ளிக்கிழமை நண்பர்களோடு வருகிறேன். என் பரணுக்கு நேர் கீழே புலி நிற்க வேண்டும். நிற்காவிட்டால் உனக்கு வேலை இல்லை.”

மாசாணம் பதில் எழுதினான்: “ஆடு கட்டிப் புலியை வரவழைக்கிறேன், எசமான். பரண் பத்தடி உயரம். இந்தப் புலி பன்னிரண்டடி தாவும். பரணை உயர்த்தட்டுமா, இல்லை, குறைவாகத் தாவும்படி புலிக்கும் ஓர் உத்தரவு போடுகிறீர்களா?”

அந்த அட்டையைத் தபால்காரர், சமையல்காரர், நண்பர்கள் எல்லோரும் படித்துச் சிரித்த பிறகுதான் தாண்டவராயர் படித்தார்.

உடனே பதில் வந்தது: “எனக்கு இடுப்புவலி. நீ வேலையில் இரு. இனிமேல் உறையில் போட்டு அனுப்பு.”