நாற்பத்தொன்பதாம் நாள்

“குருசாமி, இந்த மாலையைக் கழட்டாமலே இருந்துட்டா என்ன?”

கேட்டவன் வனராஜ். இருபத்தாறு வயது. திருமங்கலத்தில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன்.

காலை ஏழு மணி. சபரிமலைக்குப் போய் வந்த வேன் பிள்ளையார் கோவில் வாசலில் நின்றது. மற்ற சாமிகள் எல்லாரும் தேங்காய் உடைத்து, மாலையைக் கழற்றிக்கொண்டு, கறிக்கடையில் கூட்டம் சேர்வதற்குள் போய்விட வேண்டும் என்று ஓடிவிட்டார்கள்.

இவன் மட்டும் கடைசியில் நின்றான்.

“எத்தனை நாளைக்குக் கழட்டாம இருப்பீங்க சாமி?” என்றார் குருசாமி.

“ஆயுசுக்கும்.”

“திரும்பத் திரும்ப மலைக்குப் போவீங்களோ?”

“மலைக்கு எதுக்கு? சும்மா கழுத்துல கெடக்கட்டும். இது கெடக்குற வரைக்கும் நான் சிகரெட்டைத் தொட மாட்டேன்.”

அவன் பெருமைக்குச் சொல்லவில்லை. மூன்று வருஷமாக மாலை போடுகிறான். மற்ற நாளில் தினம் ஒரு பாக்கெட் வேண்டும். மாலை கழுத்தில் விழுந்துவிட்டால் நாற்பத்தெட்டு நாளும் அந்த நினைப்பே வராது. பக்கத்தில் ஒருவன் ஊதினால்கூட நகர்ந்து உட்கார்ந்துகொள்வான். மாலையைக் கழற்றிய ஒரு மணி நேரத்தில் பெட்டிக்கடையில் நிற்பான்.

ஏலக்காய் மென்று பார்த்திருக்கிறான். பபிள்கம் மென்று பார்த்திருக்கிறான். பொங்கல், ஆடி ஒன்று, பிறந்த நாள் என்று நல்ல நாள் பார்த்து விட்டிருக்கிறான். விட்ட எதுவும் நான்கு நாளைத் தாண்டவில்லை.

இந்த வருஷம் விஷயம் வேறு.

வீட்டில் மகள் இதழினி இருக்கிறாள். எட்டு மாதம். இளைப்பு வந்தால் விலா எலும்பு உள்ளே போய்விடும். இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. மூக்கில் வைத்து மருந்துப் புகை கொடுக்கிற சின்ன மிஷின் ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறார்கள்.

டாக்டரம்மா அவனைத்தான் பார்த்துச் சொன்னார்: “வெளிய போய்த்தான் குடிக்கிறேன்னு எங்கிட்ட கதை சொல்லாதீங்க. உங்க சட்டையில ஒட்டிக்கிட்டு வர்றதே இந்தப் புள்ளைக்குப் போதும்.”

இந்த நாற்பத்தெட்டு நாளில் அந்த மிஷினை ஒரு தடவைகூட எடுக்கவில்லை.

“பயமா இருக்கு குருசாமி” என்றான் வனராஜ். “நேத்து கம்பத்துல வேன் நின்னுச்சுல்ல, எல்லாரும் அல்வா வாங்கப் போனீங்க. நான் ஒரு பாக்கெட் வாங்கிட்டேன். மாலை கழுத்துல இருக்கும்போதே வாங்கிட்டேன்.”

“குடிச்சீங்களா?”

“சத்தியமா இல்ல. பையில இருக்கு.”

குருசாமி அவனை உற்றுப் பார்த்தார்.

இந்தக் குருசாமியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பெயர் கவியரசன். வயது இருபத்திரண்டு. ஃப்ரிட்ஜ் மெக்கானிக். தாடி இன்னும் சரியாக முளைக்கவில்லை. ஆனால் நாலு வயதில் அப்பா தோளில் ஏறி மலைக்குப் போனதிலிருந்து ஒரு வருஷமும் விட்டதில்லை. போன வருஷம் பதினெட்டாவது தடவை. பதினெட்டுக்கு உரிய வழக்கப்படி தென்னங்கன்று சுமந்துகொண்டு போய் வந்தார். இந்த வருஷம் அப்பாவுக்கு முட்டிவலி. மகன் குருசாமி ஆகிவிட்டார்.

அறுபது வயது லாரி முதலாளி ஒருவர் நடுத்தெருவில் அவர் காலில் விழுவார். மாலை இல்லாத நாளில் அதே ஆள் போன் போட்டு, “ஏன்டா தம்பி, ஃப்ரிட்ஜ் இன்னும் கூல் ஆகலையே” என்று கத்துவார். இரண்டையும் குருசாமி ஒரே முகத்தோடு வாங்கிக்கொள்வார்.

“தலையைக் குனிங்க சாமி” என்றார்.

ஆசீர்வாதம் பண்ணப்போகிறார் என்று வனராஜ் குனிந்தான்.

மாலையைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டார்.

“வாங்கண்ணே, டீ குடிப்போம்.”

வனராஜுக்குத் திக்கென்றது. கழுத்தைத் தடவிப் பார்த்தான்.

“கேட்டதுக்குப் பதில் சொல்லாம கழட்டிட்டீங்களே!”

“மாலை மலைக்குப் போறதுக்குண்ணே. அது தாயத்து இல்ல.”

“அப்ப எனக்கு என்னதான் வழி?”

“முதல்ல டீ.”

டீக்கடையில் கூட்டம் இல்லை. வெளி பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். டீ வந்தது.

“பாக்கெட்டை எடுங்கண்ணே” என்றார் குருசாமி.

எடுத்தான். பிடுங்கி எறியப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு நீட்டினான். அவர் வாங்கவில்லை.

“ஒண்ணு பத்த வைங்க.”

“என்னது?”

“மாலை இல்ல. விரதம் முடிஞ்சுபோச்சு. யாரு கேக்கப்போறா? பத்த வைங்க.”

“உங்க முன்னாடியா?”

“என் முன்னாடிதான்.”

வனராஜ் பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு நெளிந்தான். “ஐயோ, வேணாம் குருசாமி.”

“இப்ப நான் குருசாமி இல்லண்ணே. ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பாக்குற கவி. உங்களுக்கு நாலு வயசு இளையவன். பத்த வைங்க.”

“அதெப்படி? ஒரு மரியாதை இல்ல?”

“யாரு குடுக்கச் சொன்னா?”

“யாரும் சொல்லல. நானாத்தான் குடுக்குறேன்.”

குருசாமி டீயை ஒரு வாய் குடித்தார். அவன் வலது உள்ளங்கையைச் சுட்டிக்காட்டினார்.

“அது என்னண்ணே தழும்பு?”

வனராஜ் சிரித்துவிட்டான். அந்தத் தழும்பைப் பற்றிச் சொல்வதென்றால் அவனுக்குக் குஷி வந்துவிடும்.

“நிச்சயம் பண்ண புதுசு. ஸ்டாண்டுல நின்னு ஊதிக்கிட்டு இருக்கேன். எம் மாமனாரு திடீர்னு வண்டியில வந்து எறங்கிட்டாரு. கீழ போட்டா பாத்துருவாரு. அப்படியே கையை மூடிட்டேன்.”

“நெருப்போடயா?”

“நெருப்போடதான். மனுசன் பத்து நிமிஷம் பேசுறாரு, மழை, வெங்காய வெலை எல்லாம். நான் சரிங்க மாமா, சரிங்க மாமான்னு நிக்கிறேன்.”

“வலிக்கலையா?”

“உசுரே போச்சு. ஆனா பெரியவங்க முன்னாடி எப்படி?”

“வேற யாரு வந்தா மறைப்பீங்க?”

“அப்பா. பெரியப்பா. எங்க கணக்கு வாத்தியார். மில்லுல லோடு ஏத்திவிடுற மேஸ்திரி. அப்புறம் அந்தச் சர்ச்சு ஃபாதர். நான் அந்தச் சர்ச்சுக்குள்ள போனதே இல்ல. இருந்தாலும் அவரு நடந்து வந்தா கை தன்னால பின்னால போயிரும்.”

“எல்லாரையும்விட வயசானவரு யாரு?”

“எங்க தெருக் கடைசியில சீனியப்ப தாத்தா. தொண்ணூத்தொண்ணு. கண்ணு சுத்தமாத் தெரியாது. அவரு தடியை ஊனிக்கிட்டு வந்தாலும் கீழ போட்டு மிதிச்சிருவேன்.”

“கண்ணு தெரியாதவருக்கு எதுக்குண்ணே?”

“அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்ல?”

குருசாமி கிளாசைக் கீழே வைத்தார்.

“எல்லாரையும்விட சின்னவங்க?”

வனராஜ் யோசித்தான். தெருவை ஒரு தடவை மனசுக்குள்ளேயே நடந்து பார்த்தான்.

“நீங்கதான் குருசாமி.”

“எனக்கு இருபத்திரெண்டு. அதுக்குக் கீழ ஒருத்தருக்கும் மறைச்சதில்லையா?”

“அதுக்குக் கீழ எல்லாம் பொடிசுங்கதான?” வனராஜ் சிரித்தான்.

குருசாமி சிரிக்கவில்லை. எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

“ஒரு வீட்டுல ஃப்ரிட்ஜுக்கு கேஸ் ஏத்தணும். வர்றேண்ணே.”

“குருசாமி! என் கேள்வி?”

அவர் கோவில் ஓரம் நிறுத்தியிருந்த ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

வனராஜுக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம். வழி கேட்டால் மாலையைக் கழற்றிவிட்டு, பழைய கதையை எல்லாம் கிண்டிவிட்டுப் போகிறார். பத்தொன்பது மலை ஏறி இதுதான் கற்றுக்கொண்டாரா? முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தான்.

வாசலில் சுகப்பிரியா நின்றாள். அவன் மனைவி. பிரசாதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு அவன் கழுத்தைப் பார்த்தாள்.

உள்ளே போய், பீரோவுக்கு மேலே இருந்த மிஷினை இறக்கினாள். தூசியைத் துடைத்தாள். சுவரில் பிளக் இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, அதன்மேல் வைத்தாள்.

“இப்ப எதுக்கு அதை எடுக்குற?”

“சும்மாதான். பக்கத்துல இருக்கட்டும்.”

அவள் குத்திக்காட்டவில்லை. போன இரண்டு வருஷமும் பார்த்தவள், அவ்வளவுதான். வனராஜுக்கு அவமானமாக இருந்தது. நாலு அடி அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அந்த அவமானத்தில் அவனுக்கு உடனே ஒரு சிகரெட் வேண்டும்போல் இருந்தது. புகைக்கிறவர்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்கு எத்தனை சொன்னாலும் புரியாது.

குளித்தான். கைலிக்கு மாறினான். ஒரு சட்டையை மாட்டி, பாக்கெட்டை அதன் பையில் போட்டுக்கொண்டு கொல்லைப்பக்கம் போனான்.

துவைக்கிற கல்மேல் உட்கார்ந்தான். பக்கத்தில் பெரிய வாளி. விரதத்துக் கறுப்பு வேட்டிகளைச் சோப்புத் தண்ணீரில் ஊறப் போட்டிருந்தாள் சுகப்பிரியா.

பற்ற வைத்தான்.

முதல் இழுப்பில் இருமினான். இரண்டாவதில் தலை சுற்றியது. மூன்றாவதில் உடம்பு பழைய வழிக்கு வந்துவிட்டது. அவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டதே என்று அவனுக்கே வருத்தமாக இருந்தது.

பின்னால் ‘தப், தப்’ என்று சத்தம்.

திரும்பினான்.

இதழினி. சமையற்கட்டு நிலைப்படியைத் தாண்டிவிட்டாள். சிமென்ட் தரையில் உள்ளங்கைகளை அடித்து அடித்துத் தவழ்ந்து வருகிறாள். அவன் மலைக்குப் போன நாலு நாளில் இந்த வித்தையைக் கற்றுக்கொண்டிருக்கிறாள். மேல்சட்டை இல்லை. விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரிந்தது. மூச்சு சீராக இருந்தது.

முன்பெல்லாம் இப்படிக் குழந்தை பக்கத்தில் இருந்தால், சிகரெட் இருக்கிற கையை உயரத் தூக்கிக்கொள்வான். புகையை மேலே பார்த்து ஊதுவான். “அங்கிட்டுத் தூக்கிட்டுப் போ” என்று உள்ளே குரல் கொடுப்பான். சுகப்பிரியா வந்து தூக்கும்வரை குழந்தை அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

இதழினி தவழ்வதை நிறுத்தினாள். தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள்.

வனராஜின் கை பின்னால் போனது.

அவன் போகச் சொல்லவில்லை. தன்னால் போனது. முதுகுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, மாட்டிக்கொண்டவன் மாதிரி முழித்தான். எட்டு மாதக் குழந்தைக்கு முன்னால். பிறகு வாய்விட்டு ஒரு சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது.

கல்லைவிட்டு எழுந்தான்.

சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தான்.

மடித்துக் கட்டியிருந்த கைலியை இறக்கிவிட்டான்.

இதழினி இன்னும் கொஞ்சம் தவழ்ந்து அவன் காலடிக்கு வந்தாள். தூக்கச் சொல்லி இரண்டு கையையும் நீட்டினாள். அவன் குனிந்தான். குனிந்தவன் தன் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தான். சட்டையைக் கழற்றினான். பையில் இருந்த பாக்கெட்டோடு சேர்த்து, சோப்புத் தண்ணீர் வாளியில் முழங்கை வரை அமுக்கினான். குமிழ் அடங்கும் மட்டும் கையை எடுக்கவில்லை.

“வாங்க” என்றான்.

உள்ளே சுகப்பிரியாவுக்குக் கேட்டுவிட்டது.

“யாருங்க வந்திருக்கது?”

“கை கழுவ நல்ல தண்ணி கொண்டா” என்றான் வனராஜ். “பெரியவங்க வந்திருக்காங்க.”