கடைசியாகத் தொட்டவர்

"டீச்சர், அந்த ஆஸ்பத்திரியில ஒருத்தர் விடாம எல்லாரும் பொய் சொல்லுதாங்க."

வந்ததும் வராததுமாக வேலாயுதபெருமாள் இதைத்தான் சொன்னார். பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை.

மெஹர்நிஷா ஒரு கம்ப்யூட்டரின் மூடியைப் பூட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

கோவில்பட்டியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை அவளுடையது. வேலாயுதபெருமாள் அவளைவிட ரொம்ப மூத்தவர். மில்லில் சூப்பர்வைசராக இருந்து, மில் மூடியதும் அவளிடம் தொழில் கற்க வந்தவர். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். மரியாதையில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் குறை வைத்ததில்லை.

"நீங்க அவங்ககிட்ட என்ன கேட்டீங்க அண்ணாச்சி?"

"வேறென்ன கேப்பேன்? கடைசியா அந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டது யாருன்னு கேட்டேன்."

"ம்."

"மில்லுல மெஷின் நின்னா என்னோட முதல் கேள்வி அதுதான். ஆள் சிக்கிட்டா பழுதும் சிக்கிடும்."

"சிக்குச்சா?"

"எங்க? வரவேற்புல இருக்கிற பிள்ளை டாக்டரைக் காட்டுது. டாக்டர் மருந்து குடுக்கிற ஆளைக் காட்டுதாரு. அவன் மேல இருக்கிற சாமியைக் காட்டுதான்."

மெஹர்நிஷா கடைசித் திருகாணியை முடுக்கினாள்.

"நாளைக்கு நானும் வாரேன்."

*

டாக்டர் அருளப்பனின் ஆஸ்பத்திரி சின்னதுதான். ஆனால் வலிப்பு நோய்க்குப் பேர்போனது. ஒவ்வொருவருக்கும் மாத்திரையை இம்மி இம்மியாகக் கூட்டிக் குறைத்து, வலிப்பு நிற்கிற அளவைக் கண்டுபிடிக்க வருஷக்கணக்கில் ஆகும். அந்த அளவெல்லாம் வரவேற்பறைக் கம்ப்யூட்டரில் இருந்தது. மருந்துச் சீட்டைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் பாதிப் பேர். மீதிப் பேருக்கு அந்தப் பெட்டிதான் கதி.

பெட்டியோ நினைத்தால் எழுந்தது, நினைத்தால் படுத்தது. உள்ளே டிஸ்க் சாகக் கிடந்தது. தினமும் நகல் எடுக்கவென்று பக்கத்திலேயே ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அதில் மாதக்கணக்காக ஒன்றுமே ஏறவில்லை.

டிஸ்க் போனால் அத்தனை பேருக்கும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்குள் யார் சைக்கிளிலிருந்து விழுவார்கள், யார் அடுப்பில் விழுவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது.

மெஹர்நிஷா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மேஜைக்கு அடியில் நுழைந்து ஒரு வயரைப் பிடுங்கினாள்.

உள்ளறையில் டாக்டரின் திரை இருண்டது. அவர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்.

"யாரு அது?"

வரவேற்பில் இருந்த எஸ்தரின் முகம் வெளுத்துவிட்டது. அவள் எதையும் தொடவே இல்லை. இருந்தாலும் வெளுத்தது.

"நான்தான் டாக்டர்," என்று மேஜைக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "தப்பான வயரைப் பிடுங்கிட்டேன். இந்தா, மாட்டியாச்சு."

திட்டுவதற்காகத் திறந்த வாயை என்ன செய்வது என்று டாக்டருக்குத் தெரியவில்லை. மூடிக்கொண்டு உள்ளே போனார்.

வேலாயுதபெருமாளுக்கு மானம் போனது. எந்த வயர் எங்கே போகிறது என்று தெரியாதவரிடமா இத்தனை நாள் தொழில் கற்றோம் என்று நொந்துகொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து எஸ்தர் மேஜைக்கு அடியில் குனிந்தாள்.

"அக்கா, அந்தச் சின்னப் பெட்டியை நான்தான் கழட்டுனேன்."

"எதுக்கு?"

"ஒரு கைப்பிள்ளை மூச்சு விட முடியாம கெடந்துச்சு. ஆவி குடுக்கிற மெஷினுக்குப் பிளக் பாயின்ட் இல்ல. இதைப் பிடுங்கிட்டு அதைச் சொருகுனேன். பிறகு இதைத் திரும்ப மாட்டுனா, திரையில இங்கிலீஷுல என்னமோ கேட்டுச்சு. பயந்துபோயி வேண்டாம்னு அமுக்கிட்டேன்."

"பிள்ளை எப்படி இருக்கு?"

"நல்லாருக்குக்கா."

"அப்ப நல்ல காரியந்தான். எங்க அமுக்குனன்னு காட்டு."

மருந்து கொடுக்கும் சுடலைமணியும் மெதுவாக வந்து சேர்ந்தான். கம்ப்யூட்டர் டிக் டிக் என்று சத்தம் போட ஆரம்பித்து வெகுநாளாகிறதாம். சொன்னால் தன் தலையில் விடியும் என்று ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டானாம்.

முந்தின நாள் தொண்டை வறள விசாரித்தும் கிடைக்காதது ஒரு டீ வருவதற்குள் கிடைத்துவிட்டது.

"டீச்சர், அந்த வயரை வேணும்னேதான் பிடுங்குனீங்களா?"

"டீ ஆறுது அண்ணாச்சி."

*

மத்தியானம் டாக்டர் சாப்பிடப் போனார். மெஹர்நிஷா ஒரு புது டிஸ்க்கை வெளியே இணைத்து, எல்லாவற்றையும் அதில் நகல் எடுக்க விட்டாள்.

"முடிய சாயங்காலமாயிரும். நான் கடைக்குப் போயிட்டு வாரேன். பக்கத்துலயே இருங்க. அமத்த வேண்டாம், திறக்க வேண்டாம்."

"நீங்க போயிட்டு வாங்க டீச்சர். நான் பாத்துக்கிடுதேன்."

உட்கார்ந்தார். இந்தப் பெட்டியைக் காப்பாற்றாமல் எழுந்திருப்பதில்லை என்ற வைராக்கியம் அவருக்கு. ஆனால் பெட்டியின் இடுக்கு வழியே தூசி தெரிந்தது. பஞ்சு மில்லில் ஒரு மெஷின் மேலும் தூசி தங்க விடாதவர் அவர். கண்ணைத் திருப்பிக்கொண்டு பார்த்தார். முடியவில்லை.

பக்கமூடியைக் கழற்றினார். பிரஷ்ஷை விட்டு நாலு தட்டுத் தட்டினார்.

திரை அப்படியே நின்றுவிட்டது. நகல் பாதிகூட ஏறவில்லை.

மூடியைப் பூட்டினார். கையைத் துடைத்துக்கொண்டார். அடுத்த அறையில் எஸ்தர் மின்விசிறிக்கு அடியில் டிபன் பாக்ஸை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

*

சாயங்காலம் கூடம் நிறைந்துவிட்டது. ஒரு தாய் பள்ளிச் சீருடையில் இருந்த மகளோடு முதல் ஆளாக நின்றாள். பிள்ளைக்குக் கடைசியாக வலிப்பு வந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. மாத்திரை தீர்ந்துவிட்டது. சீட்டு மழையில் போய்விட்டது.

மெஹர்நிஷா வந்து திரையைப் பார்த்தாள்.

"என்னாச்சு அண்ணாச்சி?"

"கரன்ட் போயிட்டு வந்துச்சு டீச்சர்."

பொய் இவ்வளவு லேசாக வாயில் வரும் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

எஸ்தர் தலையைத் தூக்கினாள். மத்தியானம் அவள் சாப்பிட்டபோது தலைக்கு மேல் மின்விசிறி ஒரு நொடிகூட நிற்கவில்லை. அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் குனிந்துகொண்டாள். காட்டிக்கொடுத்திருந்தால்கூட அவருக்கு இவ்வளவு சுட்டிருக்காது.

மெஹர்நிஷா அவர் சொன்னதை நம்பினாள். பெட்டியை அமர்த்தி, மறுபடியும் சுவிட்சைப் போட்டாள். டிக் டிக். டிஸ்க் இல்லை என்றது திரை. கரன்ட் வயரை மாற்றிப் போட்டாள். டிக் டிக். அதே பதில்.

"திரும்பத் திரும்பப் போட்டா தாங்குமாம்மா?" என்றார் டாக்டர்.

"தாங்காது டாக்டர். இந்தத் தடவை எழுந்திரிச்சா உண்டு."

அந்தத் தாய் மகளைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள். மெஹர்நிஷாவின் விரல் சுவிட்சுக்குப் போனது.

"டீச்சர், போடாதீங்க."

எல்லாரும் வேலாயுதபெருமாளைப் பார்த்தார்கள்.

"கரன்ட் போகல. நான்தான் திறந்தேன். தூசி தட்டுனேன். அப்பத்தான் நின்னுச்சு."

மெஹர்நிஷா கையை எடுத்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"எந்தப் பக்கம் தட்டுனீங்க?"

"இந்தா, இந்த மூலையில."

திறந்தாள். அந்த மூலையில் டிஸ்க்கின் கேபிள் ஒன்று கழன்று தொங்கியது. ஒரு விரலால் அழுத்திச் செருகிவிட்டு சுவிட்சைப் போட்டாள்.

டிக் டிக் என்றது. திரை எழுந்தது.

விட்ட இடத்திலிருந்து நகல் ஏறத் தொடங்கியது. வேலாயுதபெருமாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றே பார்த்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கடைசிப் பேர்வரை முழுசாக ஏறியது. எஸ்தர் புது டிஸ்க்கிலிருந்து அந்தப் பிள்ளையின் பெயரைத் தேடி எடுத்து மருந்தின் அளவை வாசித்தாள். டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

எழுதி முடித்துப் பேனாவை மூடிய கையோடு டாக்டர் வேலாயுதபெருமாள் பக்கம் திரும்பினார். காலையில் பாதியில் நின்ற கோபம் அவருக்கு இன்னும் மிச்சமிருந்தது.

"அப்ப, கடைசியா இதைத் தொட்டது இந்த ஆளுதானா?"

வேலாயுதபெருமாள் ஒரு அடி முன்னால் வந்தார். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தார்.

"இல்ல டாக்டர்," என்றாள் மெஹர்நிஷா, மூடியைப் பூட்டிக்கொண்டே. "கடைசியா தொட்டது நான்."