ஒற்றை மூங்கிலும் நரியின் வாலும்

குளக்கரைத் தானியக் கிடங்கின் மேலாளர், சாதுரியன் என்னும் நரி. எதிரே இருந்த குன்றின் உச்சியில் மேகநாதன் என்னும் மயில் காவல் இருந்தது. சிறுத்தை வந்தால் மயிலுக்குத்தான் முதலில் தெரியும். ஆனால் நடுவே ஓர் அருவி ஓயாமல் இரைந்ததால், அது அகவினாலும் கீழே கேட்காது.

ஆகவே காட்டுச் சபை, குன்றிலிருந்து குளம்வரை இரண்டு மூங்கில் குழாய்கள் போட உத்தரவிட்டது. ஒன்று மயிலின் குரலுக்கு. மற்றொன்று, சரிவிலிருந்து சாமை சுமந்து வரும் எறும்புகளுக்கு.

கணுக்களைத் துளையிட மரங்கொத்தி வந்தது. முதல் குழாய் முடிந்ததும் சாதுரியன் மீதி மூங்கிலைப் பார்த்தது. அதற்குள் ஓர் அருமையான கட்டில் இருப்பது அதன் கண்ணுக்கு மட்டும் தெரிந்தது.

"ஒரே குழாய் போதுமே! எறும்பு எவ்வளவு இடம் பிடிக்கும்? குரலோ இடமே பிடிக்காது!" என்றது.

"எனக்கென்ன, அலகு தேயாமல் இருந்தால் சரி!" என்றது மரங்கொத்தி.

எறும்புத் தலைவி மட்டும் தலையைத் தூக்கினாள். "மேலாளரே, எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சுமையோடு புறப்பட்டவள் நிற்க மாட்டாள், திரும்ப மாட்டாள், ஒதுங்கவும் மாட்டாள்."

"மெச்சத்தக்க ஒழுக்கம்!" என்று பாராட்டிவிட்டு, நரி அதை அங்கேயே மறந்தது.

சோதித்துப் பார்த்த அன்று நல்ல மழை. எறும்புகள் வெளியே வரவில்லை. குழாய் காலியாக இருந்தது.

"மேகநாதா, கேட்கிறதா?"

"பக்கத்தில் நிற்பதுபோல் கேட்கிறது, மேலாளரே! நீங்கள் தின்ற நண்டின் வாடைகூட வருகிறது!"

நரிக்குப் பெருமை தாங்கவில்லை. மீதி மூங்கில் கட்டிலானது. குழாயின் வாயருகே அதைப் போட்டுக்கொண்டு, மயிலை நம்பி நிம்மதியாக உறங்கியது. நரிக்கு உயிரும் ஒன்று, வாலும் ஒன்று என்பதை அது அப்போது யோசிக்கவில்லை.

மழை விட்டது. கிடங்கிலிருந்த சாமை நனைந்திருந்தது. வெயிலில் உலர்த்தாவிட்டால் முளைத்துவிடும். எறும்புகள் அத்தனை சாமையையும் குன்றின் பாறைக்குச் சுமந்து போகத் தொடங்கின. போகிறவர்களும் வருகிறவர்களுமாகக் குழாய் அடைத்துக்கொண்டது.

திடீரென்று உள்ளே ஏதோ முனகியது. சாதுரியன் காதை வைத்தது. காதில் ஓர் எறும்பு கடித்தது.

"ஐயோ! யார் பேசுவது?"

"நாங்கள்தான்," என்றாள் தலைவி. "பின்னால் மயில் ஏதோ கத்துகிறார். அவர் கத்தக் கத்த எங்கள் சுமைகள் ஆட்டம் காண்கின்றன. கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்கள்!"

"நீங்கள் ஒதுங்குங்கள்! அவர் பேசும்போது மட்டுமாவது நில்லுங்கள்!"

"அவர் பேசப்போகிறார் என்று எங்களுக்கு யார் சொல்வது? அதையும் அவர்தானே பேசிச் சொல்ல வேண்டும்!"

வாதத்தில் ஓட்டை எதுவும் இல்லை. தோற்ற நரி கட்டிலுக்குத் திரும்பியது. 'மழை விட்ட சந்தோஷத்தில் பாடுகிறது போலும்!' என்று கண்ணை மூடியது.

கண்ணைத் திறந்தபோது எதிரே சிறுத்தை நின்றது!

சிறுத்தை விட்ட ஒரே அறையில் கட்டில் சிம்பு சிம்பாகச் சிதறியது. நரி தாழம்புதருக்குள் பாய்ந்தது. வாலில் பாதி சிறுத்தையின் நகத்தோடு போயிற்று. முள்ளுக்குப் பயந்த சிறுத்தை, புதரைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

அப்புறம்தான் கடைசி எறும்பு குழாயைவிட்டு வெளியே வந்தது. அதன் பின்னாலேயே மயிலின் குரலும் வந்தது, தெள்ளத் தெளிவாக.

"மேலாளரே! சிறுத்தை இறங்கி வருகிறது! வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடுங்கள்!"

"வந்துவிட்டுப் போயும் விட்டது!" என்று புதருக்குள்ளிருந்து நரி அலறியது. "சுருட்டுவதற்குப் பாதிதான் மிச்சம்!"

இரண்டாவது குழாய்க்கு இப்போது மூங்கில் இல்லை. குளத்தில் உள்ளே துளையுள்ள நாணல் இருந்தது. நரி அதை வெட்டி, முனையோடு முனை சேர்த்து, மூங்கிலுக்குள்ளேயே நீளமாகச் செருகியது. நாணலின் இரு வாயிலும் வேப்பெண்ணெய் தடவியது. எறும்புகள் அந்தப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. சாமை மூங்கில் வழியே போனது, குரல் நாணல் வழியே வந்தது. ஒன்றை ஒன்று உரசவில்லை.

அடுத்த மழை விட்ட நாள். குழாய் நிறைய எறும்புகள்.

"மேலாளரே, கேட்கிறதா?"

"மணிபோல் கேட்கிறது, மேகநாதா!"

"சபையார் இங்கே வந்திருக்கிறார்கள். இரண்டாவது மூங்கில் என்னவாயிற்று என்று கேட்கிறார்கள்!"

சாதுரியன் பாதி வாலைத் தடவிக்கொண்டு சற்று யோசித்தது.

"என்ன? என்ன? இன்றைக்கு ஒன்றுமே கேட்கவில்லையே!" என்றது.

காத்திருக்கக்கூடிய சரக்கையும் காத்திருக்க முடியாத சொல்லையும் ஒரே வழியில் விட்டால், சரக்கு எப்படியும் வந்து சேரும், சொல்தான் வந்தும் பயன்படாமல் போகும்.